பொனட்டில் நெளியும் கோடு

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு இரண்டு சத்தம் கூடுதலாக வந்து சேரும். ஒன்று குதிரைப் பந்தயத் திடலின் ஒலிபெருக்கி. மற்றது மஹகஸ்தோட்டப் பக்கமிருந்து வரும் எஞ்சின் உறுமல். தேயிலைக்கு நடுவே நெளிந்து ஏறும் ஒடுக்கமான பாதையில் ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறார் என்று பார்க்கும் மலையேற்றப் போட்டி அது. 1934 இல் தொடங்கியது. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்லவிலும் இதே மாதிரி ஒரு போட்டி உண்டு.

கார் சீறிக்கொண்டு ஏறும்போது எல்லோரும்தான் பார்க்கிறார்கள். ஓட்டம் தொடங்குமுன் கார்கள் வரிசையாக நிற்குமே, நீங்கள் அப்போது பாருங்கள். தொடக் கூடாது. கொஞ்சம் கிட்டப் போய், முழங்காலை மடித்துக் குனிந்து, காரின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டுங்கள். பளபளக்கும் உடம்பில் பக்கத்து மின்கம்பத்தின் விம்பம் தெரியும். இப்போது மெல்ல நடந்து போங்கள். விம்பமும் கூடவே நகரும்: பொனட்டில் வளையும், கதவில் மெலியும், பின்சக்கரத்துக்கு மேலே தடிக்கும். ஆனால் எந்த இடத்திலும் முறியாது. சடக்கென்று திசை மாறாது.

ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. உங்கள் டிவிஷனுக்கு வந்து நிற்கும் ஹயர் கார், கழுவித் துடைத்த வேன், எதிலும் பார்க்கலாம். கோடு எங்கேயாவது முறிந்தால் அந்த இடத்தில் ஒரு கதை இருக்கிறது. ஒன்று, அந்த வண்டி எதிலோ இடித்திருக்கிறது. அல்லது, அதை வரைந்தவர் கேத்திர கணிதத்தில் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார்.

அழகான காருக்கும் கேத்திர கணிதத்துக்கும் என்ன தொடர்பு? அதைச் சொல்ல உங்களை முதலில் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ். முடிந்தால் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஸீட்டில் உட்கார்ந்து அவருடைய கையை மட்டும் கவனியுங்கள். நேர் பாதையில் ஸ்டியரிங் அசையாது. வளைவு நெருங்கும்போது கை மெதுவாகத் திருப்பத் தொடங்கும். திருப்பு, திருப்பு, இன்னும் திருப்பு. வளைவின் நடுவில் கொஞ்சம் பிடித்து வைப்பார். பிறகு மெதுவாகத் திரும்பவும் விடுவார். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் பாதை அந்த இடத்தில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கு அளவு.

கணிதக்காரர்கள் இதை ஆரையைக் கொண்டு சொல்வார்கள். பெரிய வட்டம் மெதுவாக வளையும், சிறிய வட்டம் வெடுக்கென்று வளையும் இல்லையா? ஆகவே 1 ஐ ஆரையால் வகுத்தால் வளைவின் அளவு கிடைக்கும். நம் மலைநாட்டு ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1885 இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த பாதை அது. 44 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு. மிக நெருக்கமான வளைவுகளின் ஆரை, அந்தக் கால நிலஅளவைக் கணக்கில் 5 சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி. ஆக 330 அடி, ஏறத்தாழ 100 மீற்றர். அங்கே வளைவின் அளவு நூறில் ஒன்று. நேர் தண்டவாளத்தில் அது பூச்சியம்.

இனித்தான் சிக்கல். நேர் தண்டவாளத்தின் முனையில் 100 மீற்றர் ஆரை வட்டத்தின் ஒரு துண்டை ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? கடுதாசியில் பார்க்க அழகாக இருக்கும். நேர்கோடு வட்டத்துக்குத் தொடலியாக இருந்தால் மூட்டில் எந்த மூலையும் தெரியாது. ஆனால் வளைவின் அளவு பூச்சியத்திலிருந்து நூறில் ஒன்றுக்கு ஒரே கணத்தில் தாவுகிறது. அந்த இடத்தைக் கடக்கும் ரயிலில் நிற்கிறவர் பக்கத்தில் இருப்பவர் மேல் போய் விழுவார். பஸ் என்றால் டிரைவர் கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்ற வேண்டும். யாராலும் முடியாது.

அதனால் ரயில் பாதை, வீதி போடும் பொறியியலாளர்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவளைவு வைப்பார்கள். நேர்கோட்டில் தொடங்கி, அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வட்டத்தின் வளைவு வந்ததும் அதனோடு கலந்துவிடும் கோடு அது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே இருந்தால் கார் தரையில் வரையும் கோடு இதுதான். லியோனார்ட் ஒயிலர் என்ற கணித மேதை 18 ஆம் நூற்றாண்டிலேயே, காரும் ரயிலும் பிறக்காத காலத்தில், இதன் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார்.

ஆக ஒரு வளைவில் பார்க்க வேண்டியவை இரண்டு. மூட்டில் மூலை இருக்கிறதா என்பது ஒன்று. வளைவின் அளவு தாவுகிறதா, படிப்படியாக மாறுகிறதா என்பது மற்றது. முதலாவதைக் கண் உடனே பிடித்துவிடும். இரண்டாவது பஸ்ஸில் வயிற்றுக்குத் தெரியும். காரின் உடம்பில் அதைத் தெரிய வைப்பது விம்பம்.

எப்படி? கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலைச் சுவரில் அடியுங்கள். கண்ணாடியை 1 பாகை திருப்பினால் சுவரில் விழும் ஒளி 2 பாகை திரும்பும். ஒளித்தெறிப்பு எப்போதும் இரட்டிப்புக் கணக்கு. காரின் மேற்பரப்பில் மயிரிழை அளவு தவறு இருந்தாலும் விம்பம் அதைப் பெரிதாக்கிக் காட்டிக் கொடுக்கும். கதவின் வளைவும் பின்பக்கத் தகட்டின் வளைவும் மூட்டில் மூலையில்லாமல் சேர்ந்திருந்தாலும், வளைவின் அளவு தாவியிருந்தால் கம்பத்தின் விம்பம் அந்த இடத்தில் முழங்கை மடிப்பதைக் காணலாம். கார் வரையும் கணினியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. வரைந்த உடம்பின் மேல் வரிக்குதிரைக் கோடுகளின் விம்பம் விழுவது போலக் காட்டச் சொல்வார்கள். கோடுகள் முறியாமல் வழுக்கிப் போனால்தான் அந்த வரைபடம் அடுத்த மேசைக்குப் போகும்.

கணினி இல்லாமலும் இது நடக்கிறது. ஹட்டனில் ஒரு கராஜில் டிங்கர் வேலை செய்யும் பாஸ் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நசுங்கிய கதவைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, உள்ளங்கையை விரித்து முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை தடவினார், திரும்பத் தேய்த்தார். பிறகு ஒரு ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சுவரில் எரிந்த டியூப் லைட்டின் விம்பம் கதவில் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“எப்படிண்ணே தெரியுது?” என்றேன்.

“கை சொல்லிரும். கைக்குத் தப்பினா லைட்டு காட்டிக் குடுத்துரும்” என்றார். ஈரம் காய்வதற்குள் பார்க்க வேண்டும், காய்ந்த பட்டியில் பளபளப்பு இல்லாததால் விம்பம் விழாது என்பதையும் அவரே சொன்னார். வரிக்குதிரைச் சோதனையும் இதுவும் ஒரே சோதனைதான். அவருக்குச் செலவு ஒரு துணி.

சரி, இப்படி முறியாமல் மாறும் வளைவைக் கடுதாசியில் எப்படி வரைவது? கவராயம் வட்டத்தை மட்டும் வரையும். முற்காலத்தில் கப்பல் கட்டுகிறவர்கள் மெல்லிய மரச் சட்டம் ஒன்றை எடுத்து, வேண்டிய இடங்களில் ஈயக் கட்டிகளை வைத்து அழுத்தி, சட்டம் தானாக வளைந்து நிற்கும் கோட்டைத் தீட்டிக்கொள்வார்கள். மரத்துக்கு வெடுக்கென்று வளையப் பிடிக்காது; ஆகவே கோடு தானாகவே சீராக வரும். விமானம் கட்டியவர்களும் இதையே செய்தார்கள்.

இங்கிலாந்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மால்கம் சேயர் 1951 இல் ஜாகுவார் கம்பனிக்கு வந்தார். கார் உடம்பைக் களிமண்ணில் பிசைந்து, கண்ணால் பார்த்துச் சரிசெய்வது அன்றைய வழக்கம். சேயர் மடக்கை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். காரின் இந்த இடத்தில் உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று எண்களாக எழுதி, அந்த எண்களிலிருந்து உடம்பைப் பிறப்பித்தார். அவர் உருவாக்கிய டீ-டைப் பந்தயக் கார் 1955, 1956, 1957 மூன்று ஆண்டும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. 1961 இல் ஜெனிவாக் கண்காட்சிக்கு வந்த ஈ-டைப் காரைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. நீண்ட மூக்கு, முட்டை போல் உருண்ட பக்கங்கள். என்னைக் கேட்டால், இதுவரை யாரும் வரைந்த பொனட்டில் அதுதான் அழகு.

ஆனால் எல்லோரும் சேயர் ஆக முடியாது. உடம்புத் தகட்டை அழுத்தி எடுக்கும் அச்சை இயந்திரம் கொண்டு வெட்டும் காலம் வந்தபோது, இயந்திரத்துக்கு வளைவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. “இங்கே கொஞ்சம் உருண்டையாக” என்றால் இயந்திரத்துக்குப் புரியுமா? பிரான்சில் இரண்டு கம்பனிகளில் இரண்டு பேர், தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். சிட்ரோயன் கம்பனியில் போல் தெ காஸ்தல்ஜோ 1959 இல் முதலில் கண்டுபிடித்தார். கம்பனி அதை வெளியே விடாமல் பூட்டி வைத்துக்கொண்டது. சில ஆண்டு கழித்து ரெனோ கம்பனியில் பியர் பெசியே கண்டுபிடித்து, கட்டுரையாக வெளியிட்டார். ஆகவே உலகம் அதைப் பெசியே வளைவு என்கிறது. முதலில் கண்டவரின் பெயர் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே கிடந்தது.

அவர்கள் கண்ட வழி எவ்வளவு எளிது என்று பாருங்கள். கட்டக் கொப்பி, பென்சில், அடிமட்டம் போதும். உங்களுக்கு நடுப்புள்ளி காணத் தெரிந்தால் கார் கம்பனியின் வேலை பாதி தெரிந்த மாதிரி.

கீழ்க்கோட்டில் இடது மூலையை (0, 0) என்று வையுங்கள். அதற்கு ‘அ’ என்று பெயர். 8 கட்டம் வலப்பக்கம், 16 கட்டம் மேலே, (8, 16) இல் ‘ஆ’. கீழ்க்கோட்டில் (16, 0) இல் ‘இ’. அ–ஆ, ஆ–இ இரண்டையும் கோட்டால் சேருங்கள். கூடாரம் கிடைக்கும்.

அ–ஆ கோட்டின் நடுப்புள்ளி (4, 8). ஆ–இ கோட்டின் நடுப்புள்ளி (12, 8). இந்த இரண்டையும் சேர்த்து, அந்தக் கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள்: (8, 8). இது வளைவின் மேல் உள்ள ஒரு புள்ளி. இப்போது உங்களிடம் இடப்பக்கம் ஒரு சின்னக் கூடாரம் இருக்கிறது: (0, 0), (4, 8), (8, 8). அதிலும் இதே வேலையைச் செய்யுங்கள். நடுப்புள்ளிகள் (2, 4), (6, 8). அவற்றின் நடு (4, 6). வலப்பக்கக் கூடாரத்தில் செய்தால் (12, 6) வரும். (0, 0), (4, 6), (8, 8), (12, 6), (16, 0) ஐந்தையும் கையால் மெல்லச் சேருங்கள். சீரான வளைவு தயார். இன்னும் நெருக்கமாகப் புள்ளி வேண்டுமென்றால் கூடாரங்களை மேலும் பிரித்துக்கொண்டே போகலாம். கணினி செய்வதும் இதுவேதான், மிக வேகமாக.

வளைவு ‘ஆ’ வைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? ‘ஆ’ ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து இழுத்தால் வளைவு பின்னால் வரும். ‘ஆ’ வை 4 கட்டம் இடப்பக்கம் நகர்த்தி (4, 16) இல் வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். வளைவின் உச்சி (6, 8) க்கு வரும். கைப்பிடி 4 கட்டம் போனால் உச்சி 2 கட்டம்தான் போகிறது. முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் நீண்டு சரிகிறது. கார் வடிவமைப்பாளர் கணினித் திரையில் நாள் முழுக்கச் செய்வது இந்தக் கைப்பிடிகளை இழுப்பதுதான். கார் மட்டுமல்ல. நீங்கள் படிக்கும் இந்த எழுத்துகள், ‘இ’ யின் சுழி, ‘ழ’ வின் கொக்கி எல்லாமே கணினிக்குள் பெசியே வளைவுகளாகத்தான் இருக்கின்றன. ரெனோ காருக்குப் போட்ட கணக்கு தமிழ் எழுத்துக்கும் வேலை செய்கிறது.

வளைவு வரைய வந்துவிட்டது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் “இது ஸ்போர்ட்ஸ் கார்” என்று தெரிவது வளைவால் மட்டுமா? இல்லை, உயரத்தால். 1960களில் போர்ட் கம்பனி கட்டிய ஜீ.டி.40 என்ற பந்தயக் காரின் பெயரில் உள்ள 40, அதன் உயரம்: 40 அங்குலம். ஒரு மீற்றரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கொழுந்து எடுக்கும் தேயிலைச் செடி மட்டம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் நிறுத்தினால் கார் இருப்பதே தெரியாது. 1971 இல் இத்தாலியர் மார்செல்லோ கந்தினி வரைந்து காட்டிய லம்போகினி கவுன்டாச், பிறகு விற்பனைக்கு வந்தபோது 107 சென்ரிமீற்றர் உயரம். தரம் 1 பிள்ளைகளில் பலர் அதைவிட உயரம். சேயரின் ஜாகுவாரில் எல்லாம் உருட்டு. கந்தினியின் காரில் எல்லாம் தட்டையும் கூர்மையும். மூக்கிலிருந்து கூரை வரை ஏறக்குறைய ஒரே சரிவு, பார்த்தால் ஆப்பு. தூரத்திலிருந்து நேர்கோடாகத் தெரியும் அந்தச் சரிவும் கிட்டப் போனால் மெல்லிய வளைவுதான். முழுத் தட்டையான தகட்டில் வெயில் பட்டால் நடுவில் பள்ளம் விழுந்த மாதிரித் தோன்றும் என்பதால் வடிவமைப்பாளர்கள் அதைக் கொஞ்சம் உப்ப வைப்பார்கள்.

ஏன் இவ்வளவு தாழ்வு? இதற்கு ஒரு முக்கோணம் போதும். வண்டியைப் பின்னாலிருந்து பார்ப்பதாக வரையுங்கள். ஒரு வேனில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 150 சென்ரிமீற்றர், அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பாதி அகலம் 75, உயரமும் 75. மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடும், ஒரு சக்கரத்தின் அடிக்கு ஒரு கோடும் போட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 45 பாகை. அவ்வளவு சரியும் வரை வேன் கவிழாது. இன்னொரு கார்: அகலம் 160, மையத்தின் உயரம் 45. பாதி அகலம் 80, உயரம் 45. இப்போது 60 பாகை சரிந்தாலும் தாங்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் உந்தலுக்கும் இதே முக்கோணம்தான் பதில் சொல்லும். கூரைக்கு மேலே மரக்கறி மூட்டை ஏற்றிய வேனின் மையம் எங்கே போகும் என்று நீங்களே வரைந்து பார்க்கலாம். வரைந்த பிறகு அந்த வேனில் ஏற யோசிப்பீர்கள்.

அடுத்தது காற்று. இங்கே ஒரு வேடிக்கை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே காற்றைக் கிழிக்கும் வடிவம் முக்கியம். ஒரு வடிவம் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, குறைந்தால் நல்லது. கவுன்டாச்சின் எண் சுமார் 0.42. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸுக்கு 0.25. ஆமாம், ஹட்டன் வீதியில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் அதே பிரியஸ்! அம்பு மாதிரித் தோன்றும் கார் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. ஹயர் ஓடும் கார் நழுவிப் போகிறது. பிரியஸின் கூரை முன்னாலேயே உச்சிக்கு வந்து, பின்னால் நீளமாகச் சரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் ‘ஆ’ வை இடப்பக்கம் நகர்த்திய பிறகு கிடைத்த வளைவு அது. காற்று வண்டியை விட்டுச் சுழித்துப் பிரியாமல், கூரையோடு ஒட்டியே பின்னால் வரை வர அந்த மெல்லிய சரிவு உதவுகிறது.

அப்படியானால் கந்தினிக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவருடைய காருக்குத் தேவைகள் வேறு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது; அது சூடாகாமல் இருக்கக் காற்றை அள்ளி உள்ளே விடும் பெரிய வாய்கள் வேண்டும். அகலமான டயர்கள் வேண்டும். அவை எல்லாம் காற்றை மறிக்கும். தவிர, பந்தயக் காருக்குக் காற்று நழுவிப் போனால் மட்டும் போதாது. வளைவில் டயர் வழுக்காமலிருக்கக் காற்று வண்டியைத் தரையோடு சேர்த்து அழுத்தவும் வேண்டும். பின்னால் இறக்கை வைப்பது அதற்குத்தான். விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது தூக்குவதற்குப் பதில் அழுத்தும். அழுத்தம் கிடைக்கும், விலையாகக் கொஞ்சம் வேகம் போகும்.

நுவரெலியாவில் இந்தக் கணக்கு இன்னும் சுவாரசியமாகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் இருப்பதைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. தடையும் அந்த அளவு குறையும். இறக்கையின் அழுத்தமும் அந்த அளவு குறையும். பெற்றோல் எஞ்சின் மூச்சாக இழுப்பதும் அதே காற்றைத்தான், ஆகவே அதன் பலமும் குறையும். மின்சார மோட்டாருக்கோ மூச்சே வேண்டாம். அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற மலையேற்றப் போட்டியின் உச்சி 4,302 மீற்றர். நீளம் 20 கிலோமீற்றர், வளைவுகள் 156. அங்கே 2018 இல் வொக்ஸ்வாகன் கம்பனியின் மின்சாரக் கார் 8 நிமிடத்துக்குள் ஏறிச் சாதனை படைத்தது. அந்தக் காரின் படம் கிடைத்தால் பின் இறக்கையைப் பாருங்கள்: காரைவிட இறக்கைதான் முதலில் கண்ணில் படும். மெலிந்த காற்றில் வேண்டிய அழுத்தம் கிடைக்க இறக்கையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

இலங்கையிலும் வேகா என்ற நிறுவனம் மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இங்கேயே வடிவமைத்து, காபன் நாரால் உடம்பு செய்திருக்கிறது. 2020 மார்ச்சில் ஜெனிவாக் கண்காட்சியில் காட்ட இருந்தார்கள். கொரோனா வந்து கண்காட்சியே நின்றுபோனது.

இனி உங்கள் முறை. நாமே ஒரு காரைப் பக்கவாட்டில் வரைவோம். கொப்பியைக் குறுக்காகத் திருப்புங்கள். 24 கட்டம் வேண்டும்.

கார் வரையக் கற்றுக் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் சக்கரத்தால் அளப்பார்கள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இன்னும் மூன்று சக்கரம் வைக்க இடம் இருக்க வேண்டும். காரின் உயரம் சுமார் இரண்டு சக்கரம். நம் சக்கரத்தின் ஆரை 2 கட்டம். கவராயத்தை (4, 2) இலும் (20, 2) இலும் குத்தி இரண்டு வட்டம் போடுங்கள்.

இப்போது உடம்பு. முதல் வளைவுக்கு அ (0, 2), ஆ (2, 6), இ (10, 8). மூக்கிலிருந்து கண்ணாடியின் மேல்முனை வரை இதுதான். இரண்டாவது வளைவு ‘இ’ யில் தொடங்கி, வால் முனையான உ (24, 4) இல் முடிய வேண்டும். அதன் கைப்பிடி ‘ஈ’ எங்கே? இங்கேதான் விதி. இரண்டு வளைவும் சேரும் இடத்தில் மூலை விழாமலிருக்க ஆ, இ, ஈ மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆ விலிருந்து இ க்கு 8 கட்டம் போனால் 2 கட்டம் ஏறுகிறது. ஆகவே இ யிலிருந்து 4 கட்டம் போய் 1 கட்டம் ஏறுவோம்: ஈ (14, 9). நடுப்புள்ளி வேலையைச் செய்து இரண்டு வளைவையும் வரையுங்கள். உச்சி 8 கட்டத்துக்குச் சற்று மேலே வரும். நீளம் 24, உயரம் 8, மூன்றுக்கு ஒன்று. பிரியஸின் நீளம் 446 சென்ரிமீற்றர், உயரம் 149. வகுத்துப் பாருங்கள்.

இதையே ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க வேண்டும். அ, உ, சக்கரங்கள் எதையும் தொடாதீர்கள். ஆ, இ, ஈ மூன்றை மட்டும் இரண்டிரண்டு கட்டம் கீழே இறக்குங்கள்: (2, 4), (10, 6), (14, 7). மூன்றும் இன்னும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. புதிதாக வரையுங்கள். உச்சி இப்போது ஆறேகால் கட்டம். நீளத்தை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 3.8. கவுன்டாச்சுக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் முன்சக்கரத்தைப் பாருங்கள். வளைவின் புள்ளி ஒன்று (3.5, 4) இல் விழுகிறது, சக்கரத்தின் தலை (4, 4) இல் இருக்கிறது. பொனட் சக்கரத்தை உரசுகிறது! குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் மேலே எழும்ப இடமே இல்லை. கூரையை மறுபடி உயர்த்தினால் ஸ்போர்ட்ஸ் கார் போய்விடும். சக்கரத்தைச் சிறிதாக்கினால் வளைவில் பிடிமானம் போய்விடும். மிச்சமிருப்பது ஒரே வழி: சக்கரத்துக்கு மேலே மட்டும் உடம்பைப் புடைக்க விட்டு, புடைப்பு முடிந்ததும் மூலை விழாமல் பழைய வளைவோடு சேர்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரத்துக்கு மேலே தோள் மாதிரித் திரண்டு நிற்கிறதே, அந்த மேடு வந்த காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்கு எத்தனை கைப்பிடி வேண்டும், எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதை அழிறப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு நீங்கள் கண்டுபிடியுங்கள்.